டெஸ்க்டாப்பில் லேன் கேபிள் வழியே நெட் வரவில்லையா? கடலூர், புதுச்சேரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பம் முதல் லாஸ்பேட்டை வரை, ஃபைபர் இணைப்பு வாங்கி டெஸ்க்டாப்புக்கு லேன் கேபிள் இழுத்திருக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஃபைபர் வந்து சேரும் பெட்டியைச் சிலர் மோடம் என்பார்கள், சிலர் ரவுட்டர் என்பார்கள். இங்கே அது 'ஃபைபர் பெட்டி'.

1. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா வந்துச்சு, காலைல பாத்தா நெட் இல்ல. முதல்ல எதைப் பாக்கணும்?

உங்கள் ஃபோனை எடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைக்க மறந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லை. வைஃபை செத்திருந்தாலும் ஃபோன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும்.

ஃபோனிலும் வரவில்லை என்றால் கோளாறு ஃபைபர் பெட்டியிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. 2-ஆம் கேள்விக்குப் போங்கள். ஃபோனில் வருகிறது என்றால் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான் ஏதோ. 3-இல் தொடங்குங்கள். அதன் பிறகு எப்போதும் ஒரே வரிசை: லேன் விளக்கு எரிகிறதா, கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) கிடைத்ததா, தளத்தின் பெயர் அதற்குப் புரிகிறதா. இந்த வரிசையை விட்டுவிட்டு நேராக டிரைவரையும் விண்டோஸையும் மாற்றிக்கொண்டிருந்தால் அரை நாள் போகும், கேபிள் மட்டும் அப்படியே இருக்கும்.

2. பெட்டியில சிவப்பா ஒரு லைட்டு மின்னுது. கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் மாத்தணுமா?

எதையும் மாற்ற வேண்டாம். 'எல்ஓஎஸ்' என்று எழுதிய சிவப்பு விளக்கு, ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை என்கிறது. வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: அந்த மெல்லிய ஃபைபர் வயர் பீரோவுக்குப் பின்னால் நசுங்கியோ, கை வளையலைவிடச் சின்ன வட்டமாக மடங்கியோ கிடக்கிறதா? மடிப்பை எடுத்துவிட்டால் சில சமயம் அந்த நிமிடமே சிவப்பு போய்விடும். முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

மடிப்பு ஏதும் இல்லை என்றால் புகார் கொடுங்கள். "நெட் வரல" என்பதற்குப் பதில் "எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது" என்று சொன்னால், வருகிறவர் ஃபைபரை ஒட்டும் கருவியோடு வருவார். சிவப்பு இல்லை, ஃபைபர் இணைப்பு இருப்பதைக் காட்டும் 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது, ஆனாலும் ஃபோனில் நெட் இல்லை என்றால் பெட்டியை அணைத்து 30 விநாடி விட்டுப் போட்டு, 3 நிமிடம் பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் ரீசார்ஜ் தேதி முடிந்ததா என்று பாருங்கள்.

3. ஃபோன்ல வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரல. கேபிள் சொருகித்தான் இருக்கு சார்.

செருகியிருப்பது வேறு, பிடித்திருப்பது வேறு. கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அதன் பின்னால் லேன் போர்ட்டை (கேபிள் செருகும் துளையை) பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். ஒன்று நிலையாக எரிந்தால் இணைப்பு உண்டு. இன்னொன்று துடித்தால் தகவல் போய் வருகிறது. இரண்டும் இருட்டு என்றால் விண்டோஸில் எதைத் தட்டியும் பயன் இல்லை. விளக்கு எரிந்தால் நேராக 6-க்குப் போங்கள்.

இருட்டாக இருந்தால் கேபிளின் இரு முனைகளையும் உருவி, 'டிக்' சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். சத்தம் வராவிட்டால் முனையிலிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். அப்படிப்பட்ட முனை பார்க்க உள்ளே இருப்பது போலவே இருக்கும், மேசையை நகர்த்தினால் விட்டுவிடும். அடுத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: ஃபைபர் பெட்டியில் வேறொரு லேன் துளை, பிறகு வேறு கேபிள், பிறகு அதே கேபிளில் ஒரு லேப்டாப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. ரவுட்டர் வாங்கும்போது கூடவே வரும் குட்டைக் கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

4. தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் பக்கத்துல வீடு. நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை நெட் நிக்கும், கேபிளை உருவி சொருகினா வந்துடும். இது ஏன்?

உப்புக் காற்று. கேபிளின் முனையைக் கழற்றி ஃபோன் டார்ச் வெளிச்சத்தில் பிடியுங்கள். எட்டு மெல்லிய தகடுகள் வரிசையாகத் தெரியும். நல்ல முனையில் எட்டும் ஒரே மஞ்சளாக மினுங்கும். கெட்டதில் ஒன்றிரண்டு மங்கிக் கறுத்திருக்கும், ஓரத்தில் பச்சையாகப் பொடி பூத்திருக்கும். அந்தத் தகடுகளின் மேல் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. மலிவான முனைகளில் செருகிச் செருகிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்த இடத்தில் செப்புக் கலவை வெளிவந்து, ஈரத்தோடு சேர்ந்த உப்பு அதை அரிக்கிறது. உருவிச் செருகும்போது அந்தப் படலம் கொஞ்சம் சுரண்டப்படுவதால் நெட் வருகிறது. படலம் மறுபடி வளரும்வரைதான் அந்த வாழ்வு.

சுத்தம் செய்ய எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பல் பிரஷும் போதும். கம்ப்யூட்டரை அணைத்து மின்வயரையும் உருவிவிட்டு, தகடுகளின் நீளவாக்கில் தேயுங்கள். போர்ட்டின் உள்ளே இருக்கும் எட்டு ஸ்பிரிங் கம்பிகளையும் லேசாகத் தேய்த்து, 10 நிமிடம் உலரவிடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கும் தங்கத்தையும் எடுத்துவிடும். ஊசியோ ஹேர்பின்னோ விட்டுக் குத்தினால் ஸ்பிரிங் வளைந்து போர்ட்டே போய்விடும். தேங்காய் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும்.

பச்சை பூத்த முனையை எத்தனை தடவை துடைத்தாலும் அது திரும்பும். அதை வெட்டி எறிந்துவிட்டு, 50 மைக்ரோ இன்ச் தங்கப் பூச்சுள்ள முனையாகக் கேட்டு வாங்கி அடிப்பதுதான் தீர்வு. வெளியிலிருந்து கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில், நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், கேபிள் வழியாக முனைக்கு வராது.

5. நானே பின் அடிக்கலாமா? கலர் வரிசை எது?

தாராளமாக. கிரிம்பிங் கருவி (முனையைக் கம்பிகளோடு சேர்த்து அழுத்துவது), சில முனைகள், எட்டு விளக்கு கேபிள் டெஸ்டர் இருந்தால் போதும். முனையின் நாக்கு கீழே, தகடுகள் மேலே, கம்பி உங்கள் பக்கத்திலிருந்து நுழையும்படி பிடித்தால் இடது ஓரம் 1. வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. மேலுறையை 3 செ.மீ. உரித்து, கம்பிகளைப் பிரித்து நேராக்கி, வரிசை வைத்த பின் 13 மி.மீ. அளவில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். உள்ளே தள்ளும்போது எட்டுக் கம்பியும் முனையின் கடைசிச் சுவரைத் தொட வேண்டும், மேலுறையும் முனைக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் இழுப்பு முழுவதும் மெல்லிய கம்பிகள் மேல் விழும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்வைக்கு அழகாக அடுக்கி, இரு பக்கமும் அதேபோல் அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் 1 முதல் 8 வரை ஒழுங்காக எரியும். ஆனால் 3-உம் 6-உம் ஒன்றோடு ஒன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தால்தான் ஒரு கம்பியின் இரைச்சலை மற்றது சமன் செய்யும். இந்த அடுக்கில் அவை வெவ்வேறு ஜோடிக்குப் போய்விடுகின்றன. 2 மீட்டர் கேபிளில் ஓடும், 20 மீட்டரில் விட்டுவிட்டு வரும். டெஸ்டர் 'சரி' என்று சொல்லியும் நெட் தள்ளாடினால் கலர் வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செப்பு பூசிய அலுமினியம். இரண்டு தடவை மடித்தால் ஒடியும், உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும். முழுச் செப்பில் கேட்-5இ போதும். 100 மீட்டர் வரை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் தரும்.

6. லைட்டு எரியுது. ஆனா 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்'னு காட்டுது. 169-ல ஆரம்பிக்கிற ஐபி வருது. அது யாரோட ஐபி?

உங்கள் கம்ப்யூட்டர் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. முகவரி கொடுக்க வேண்டிய ஃபைபர் பெட்டியிடமிருந்து (தனி ரவுட்டர் இருந்தால் அதனிடமிருந்து) பதில் வராதபோது விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'ஈதர்நெட்' திறந்தால் இதைப் பார்க்கலாம். வீட்டில் பொதுவாக 192.168 என்று தொடங்க வேண்டும்.

ஃபைபர் பெட்டியை அணைத்துப் போட்டு, அது முழுதாக எழுந்த பிறகு கேபிளை உருவி 10 விநாடி கழித்துச் செருகுங்கள். பல வீடுகளில் இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். விளக்கு எரிந்தாலும் பாதி அரித்த கம்பி வழியே தகவல் உடைந்துதான் போகும். தனி ரவுட்டர் வைத்திருந்தால், கம்ப்யூட்டர் கேபிள் 'வான்' (WAN) என்று எழுதிய, வெளி இணைப்புக்கான, நிறம் வேறான துளையில் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. ஆபீஸ்ல இருந்த பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். அங்க ஓடுச்சு, இங்க ஓடல.

அலுவலகத்தில் ஐபி எண்ணைக் கையால் போட்டு வைத்திருப்பார்கள். ஈதர்நெட் பக்கத்தில் 'ஐபி அசைன்மென்ட்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள், டிஎன்எஸ்ஸையும் (தளத்தின் பெயரை எண்ணாக்கித் தருவது) அப்படியே. பிறகு அதே நெட்வொர்க் செட்டிங்ஸில் 'ப்ராக்ஸி' (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர் கம்ப்யூட்டர்) பக்கத்தைத் திறந்து, கையால் போட்ட ப்ராக்ஸி ஏதாவது இருந்தால் அணையுங்கள். ப்ராக்ஸியை மறப்பவர்கள்தான் அதிகம்.

8. ஐபி சரியா இருக்கு, 'கனெக்டட்'னும் காட்டுது. ஆனா ஒரு வெப்சைட்டும் திறக்கல.

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து மூன்று தடவை பிங் செய்யுங்கள், அதாவது 'ping' என்று தட்டி, பக்கத்தில் எண்ணையோ பெயரையோ போட்டு, பதில் வருகிறதா என்று பாருங்கள். முதலில் ஃபைபர் பெட்டி அல்லது ரவுட்டர்: ஈதர்நெட் விவரத்தில் 'டீஃபால்ட் கேட்வே' என்று இருக்கும் எண், பெரும்பாலும் 192.168.1.1. இதற்குப் பதில் வரவில்லை என்றால் கோளாறு இன்னும் வீட்டுக்குள்தான், 3-க்குத் திரும்புங்கள். அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் எண் 8.8.8.8. ரவுட்டர் பதில் தந்து இது தரவில்லை என்றால் வெளி இணைப்பில் கோளாறு. கடைசியாக google.com போன்ற ஒரு தளத்தின் பெயர்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. ஈதர்நெட் பக்கத்தில் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தும் பிரவுசர் மட்டும் திறக்கவில்லையா? 7-இல் சொன்ன ப்ராக்ஸியையும், காலாவதியான ஆன்டிவைரஸ் ஏதாவது நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

9. கரண்ட் போய் வந்ததுல இருந்து எல்லா சைட்டும் 'பாதுகாப்பு இல்ல'ன்னு தடுக்குது. வைரஸா?

திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கடிகாரப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் மறுக்கிறது. தேதியைச் சரி செய்தால் உடனே திறக்கும். அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட், கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும்.

பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் அழியலாம். தேதி சரியாகியும் ஈதர்நெட்டே காணாமல் போனால், பயாஸில் 'ஆன்போர்டு லேன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

10. 200 எம்பிபிஎஸ் பிளான். ஃபோன்ல 180 வருது, லேன்ல 95-ஐத் தாண்ட மாட்டேங்குது.

95 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிட்டது. ஈதர்நெட் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீடு' 100/100 என்று இருக்கும், கிகாபிட் என்றால் 1000/1000. நூறுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால், பெரும்பாலும் நெட் நிற்காது, வேகம் மட்டும் நூறுக்கு இறங்கிவிடும். முனையை 5-இல் சொன்னபடி மாற்றுங்கள்.

கேபிள் சரி என்றால் ஃபைபர் பெட்டியின் துளையைப் பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டும் 'ஜிஇ', அதாவது கிகாபிட். 'எஃப்இ' என்று எழுதியது நூறுதான் தரும். கம்ப்யூட்டர் மிகப் பழையது என்றால் லேன் கார்டே நூறாக இருக்கலாம்.

11. கரண்ட் போனா கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல ஓடுது, நெட் மட்டும் நிக்குது.

ஃபைபர் பெட்டிக்கு யூபிஎஸ் இல்லை. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன, அதற்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. நடுவில் லேன் கேபிள்களைப் பிரித்துத் தரும் தனிச் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும்.

12. கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் விட்டுட்டு வந்தா நெட் போயிருக்கு. கேபிளை உருவி சொருகணும்.

டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்', அதில் உங்கள் லேன் கார்டு, அதன் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவல். மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். 'அட்வான்ஸ்டு' தாவலில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' இருந்தால் அதையும் அணையுங்கள். இதற்குப் பிறகும் தொடர்ந்தால், லேன் கேபிள் மின்சார வயரோடு ஒரே பைப்பில் போகிறதா என்று பாருங்கள். அப்படிப் போவது ஆபத்தும்கூட. தனிப் பைப்பில் மாற்றிவிடுங்கள்.

13. ஐப்பசி, கார்த்திகைல இடி இடிச்சா லேன் போர்ட் போயிடுது. யூபிஎஸ் இருந்தும் எப்படிப் போகுது?

யூபிஎஸ் காப்பது மின்சார வயர் வழியை மட்டும். மின்னல் லேன் கேபிள் வழியாக வருகிறது. கேபிள்காரர் கம்பத்திலிருந்தோ பக்கத்து மாடியிலிருந்தோ செப்பு லேன் கேபிளையே இழுத்துவிட்டிருந்தால், அந்தத் திறந்தவெளி நீளம் முழுவதும் ஓர் ஆன்டெனா. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் இறங்கினாலே கேபிளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, கடைசியில் இருக்கும் லேன் சிப்பைக் கருக்கிவிடும். கண்ணாடி ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கம்பியில் பாயும். அந்தக் கம்பியை வீட்டுக்குள்வரை கொண்டுவராமல் வெளிச்சுவரிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல் வந்து இறங்கும் கரை இது. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, இடி கேட்டதும் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து லேன் கேபிளை உருவிவிடுவதைப் பழக்கமாக்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் அப்போது போய்த் தொடாதீர்கள்.

போர்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். மின்வயரை உருவி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்த பின் போடுங்கள். உறைந்துபோன சிப் சில சமயம் எழுந்துகொள்ளும். எழாவிட்டால் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டோ, யூஎஸ்பி 3.0 லேன் அடாப்டரோ சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. யூஎஸ்பி அடாப்டரை நீலத் துளையில் செருகுங்கள், பழைய 2.0 துளையில் கிகாபிட் வேகம் வராது.

14. அதே மாதிரி புது லேன் கார்டு போட்டேன். லைட்டு எரியுது, கேபிளும் புதுசு, ஆனா நெட் வரல.

கேபிள்காரரின் வயர் ரவுட்டர் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டருக்கு வருகிறதா? சில நிறுவனங்கள் உங்கள் லேன் கார்டின் மேக் எண்ணை (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி அடையாள எண்) பதிவு செய்து, அதற்கு மட்டும் நெட் விடுகின்றன. கார்டு மாறினால் எண்ணும் மாறும். அவர்களை அழைத்து "கார்டு மாத்திட்டேன், மேக் ரீசெட் பண்ணுங்க" என்று கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு 'பிராட்பேண்ட்' இணைப்பை டயல் செய்யும் முறை என்றால், அந்த இணைப்பைப் புதுக் கார்டுக்கு மறுபடி உருவாக்க வேண்டியிருக்கலாம்.

15. மாடிக்குப் பழைய ரவுட்டர் ஒண்ண வச்சு லேன் இழுத்தேன். அதுல இருந்து வீட்ல எல்லாருக்கும் நெட் விட்டு விட்டு வருது.

இரண்டு பேர் ஒரே வீட்டில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சில கருவிகள் ஃபைபர் பெட்டியிடம் வாங்குகின்றன, சில பழைய ரவுட்டரிடம் வாங்கி வழி தெரியாமல் நிற்கின்றன. இரண்டின் எண்ணும் 192.168.1.1 என்றால் மோதல் இன்னும் மோசம். பழைய ரவுட்டரை மட்டும் தனியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். உங்கள் ஃபைபர் பெட்டியின் கேட்வே வேறு எண் என்றால் அதே வரிசையில் யாரும் பயன்படுத்தாத எண்ணைக் கொடுங்கள். பிறகு ஃபைபர் பெட்டியின் லேன் துளையிலிருந்து பழைய ரவுட்டரின் லேன் துளைக்குக் கேபிள் போடுங்கள். வான் துளை காலியாகவே இருக்கட்டும்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். "ரெண்டு போட்டா வேகம் கூடும்" என்று இன்னொன்றும் செருகினால் தகவல் இரண்டுக்கும் இடையே வட்டமடித்துப் பெருகி, எல்லாத் துளை விளக்கும் வெறி பிடித்ததுபோல் ஒரே வேகத்தில் துடிக்கும், வீடு முழுக்க நெட் நின்றுவிடும். அந்தத் துடிப்பைப் பார்த்ததும் கூடுதல் கேபிளை உருவுங்கள். சில விநாடிகளில் அடங்கும்.